உங்கள் இணையத்தளத்தில் பிறர் விளம்பரம்: இயங்கும் விதமும் வைக்கும் முறையும்

சிங்கப்பூரில் தமிழில் இணையத்தளம் நடத்துவோர் பல வகையினர். சமையல் குறிப்பு எழுதுவோர், துணைப்பாட ஆசிரியர்கள், வட்டாரச் சங்கத்தினர், கோயில் விழாச் செய்திகளைத் தொகுப்போர் என அவர்கள் வேறுபட்டாலும், தளத்துக்கான ஆண்டுக் கட்டணம் வந்து நிற்கும்போது விளம்பரம் போடலாமா என்ற எண்ணம் ஏறக்குறைய எல்லாருக்கும் எழுகிறது. விளம்பரச் சேவை ஒன்றில் கணக்குத் திறந்து, அது தரும் சில வரி நிரலைப் பக்கத்தில் ஒட்டினால் வேலை முடிந்தது. அந்தச் சில வரிகள் வாசகரின் கைப்பேசியில் என்னென்ன செய்கின்றன என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே ஒட்ட வேண்டும் என்பது என் கருத்து. ஆகவே இந்த வழிகாட்டி இயக்கத்தை விளக்கிவிட்டுத்தான் செய்முறைக்கு வருகிறது.

யார் இந்த மூன்றாம் தரப்பு

தளத்தை நடத்தும் நீங்கள் ஒரு தரப்பு. படிக்க வரும் வாசகர் இன்னொரு தரப்பு. உங்கள் இருவருக்கும் நடுவே விளம்பரத்தைக் கொண்டுவந்து சேர்க்கும் நிறுவனம் மூன்றாம் தரப்பு. தேக்கா வட்டாரத்துச் சேலைக்கடை ஒன்று உங்களிடம் நேரடியாகப் படம் கொடுத்து, மாதம் இவ்வளவு என்று பேசி முடித்து, நீங்களே அந்தப் படத்தை உங்கள் சேவையகத்தில் ஏற்றினால் அது மூன்றாம் தரப்பு விளம்பரம் ஆகாது. 1994 அக்டோபர் 27ஆம் தேதி ஹாட்வயர்ட் தளத்தில் வெளிவந்த, இணையப் பட்டை விளம்பரங்களின் தொடக்கமாகப் பலரும் குறிப்பிடும் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் விளம்பரமும் அப்படி நேரடியாக விற்கப்பட்ட இடத்தில் வந்ததுதான். ஆயிரக்கணக்கான தளங்களிடம் தனித்தனியாகப் பேரம் பேசுவது விளம்பரதாரருக்குக் கட்டுப்படியாகாது என்பதால், பல தளங்களின் இடங்களை ஒரே சேவையகத்திலிருந்து நிரப்பும் நிறுவனங்கள் விரைவிலேயே தோன்றின. அவற்றுள் பெயர்பெற்றது 1996இல் தொடங்கிய டபுள்கிளிக். அதை 310 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்குவதாக 2007இல் அறிவித்த கூகல், 2008இல் அந்தக் கொள்முதலை நிறைவு செய்தது.

மூன்றாம் தரப்பு விளம்பரம் வைப்பது, வீவக வீட்டில் ஓர் அறையை ஒருவருக்கு வாடகைக்கு விட, அவர் அதை மணிக்கொரு முறை முன்பின் தெரியாத ஆட்களுக்கு உள்வாடகைக்கு விடுவதைப் போன்றது. யார் வந்து தங்கினார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. அண்டை வீட்டார் முறையிட வரும்போது தட்டுவது உங்கள் கதவைத்தான்.

பக்கம் திறக்கும் அந்த ஒரு நொடியில்

உட்லண்ட்ஸிலிருந்து ரயிலில் வரும் ஒருவர், உங்கள் தளத்தில் உள்ள பாயசக் குறிப்பைக் கைப்பேசியில் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய உலாவி உங்கள் சேவையகத்திடம் பக்கத்தைக் கேட்கிறது; எழுத்தும் படங்களும் வந்து சேர்கின்றன. அவற்றுடன் நீங்கள் ஒட்டிய விளம்பர நிரலும் வருகிறது. ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதப்பட்ட அந்த நிரல், உங்கள் சேவையகத்தைத் தாண்டி, விளம்பர நிறுவனத்தின் சேவையகத்தைத் தானாகவே தொடர்புகொள்கிறது. இந்தக் கட்டத்திலிருந்து நடப்பவை எதுவும் உங்கள் சேவையகத்தின் வழியாக நடப்பதில்லை; வாசகரின் கைப்பேசிக்கும் வெளி நிறுவனங்களுக்கும் இடையே நேரடியாக நடக்கின்றன.

விளம்பரச் சேவையகம் அந்த இடத்தை ஏலத்துக்கு விடுகிறது. 300 புள்ளி அகலமும் 250 புள்ளி உயரமும் கொண்ட ஓர் இடம் காலியாக உள்ளது என்ற அறிவிப்புடன், பக்கத்தின் முகவரி, கைப்பேசியின் வகை, உலாவியின் பெயர், மொழி அமைப்பு, கருவியின் இணைய (ஐபி) முகவரியிலிருந்து கணித்த தோராயமான இருப்பிடம், முன்பே பதிந்துவைத்த அடையாள எண் இருந்தால் அதுவும் ஆகியவை ஏலக் கோரிக்கையில் சேர்கின்றன. தள உரிமையாளர் சார்பில் இடத்தை விற்கும் சேவை ஒன்று, விளம்பரதாரர் சார்பில் வாங்கும் சேவைகள் பல, இவ்விரண்டும் சந்திக்கும் விளம்பரச் சந்தை என மூன்று வகை அமைப்புகள் இதில் பங்கேற்கின்றன. வாங்கும் ஒவ்வொரு சேவையும், விளம்பரம் ஒருமுறை காட்டப்படும் இந்தக் காட்சிக்குத் தான் தரக்கூடிய விலையைக் கணித்துச் சொல்ல வேண்டும். அதற்குக் கிடைக்கும் நேரம் பெரும்பாலும் நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். மிகுந்த விலை சொன்னவர் வெல்கிறார். முன்பெல்லாம் வென்றவர் இரண்டாம் விலையையொட்டிய தொகையைக் கொடுத்தால் போதும் என்ற முறை பரவலாக இருந்தது. மற்றச் சந்தைகள் சொன்ன விலையையே கொடுக்கும் முறைக்கு மாறிய பின், கூகலின் விளம்பர மேலாண்மைத் தளமும் 2019இல் அந்த முறைக்கு மாறியது.

வென்ற விளம்பரத்தின் படம் வேறொரு சேவையகத்திலிருந்து இறங்கி, பக்கத்துக்குள் பதிந்த ஒரு தனிச் சட்டகத்தில் அமர்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி அளவுப் படமும் பல வேளைகளில் சேர்ந்து இறங்குகிறது. விளம்பரம் காட்டப்பட்டதைக் கணக்கில் எழுதுவது அதன் வேலை. இறங்கிவிட்ட விளம்பரம் எல்லாம் பார்க்கப்பட்ட விளம்பரம் ஆகாது. பட விளம்பரத்தின் பரப்பில் குறைந்தது பாதி, இடைவிடாமல் ஒரு நொடி திரையில் இருந்தால்தான் அது பார்க்கத்தக்கதாக இருந்தது என்று தொழில்துறை கணக்கிடுகிறது. காணொளி விளம்பரத்துக்கு அது இரண்டு நொடி.

ஏலத்தில் தோற்றவர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. படம் காட்டியவர் ஒருவர்தான். ஆனால் ஏலக் கோரிக்கையைப் பெற்ற அத்தனை பேருக்கும், இந்த நேரத்தில் இந்தக் கருவியிலிருந்து இந்தப் பக்கம் திறக்கப்பட்டது என்ற செய்தி போய்விட்டது. பாயசக் குறிப்பு என்றால் பாதகமில்லை. நீரிழிவு பற்றியோ, கடன் தொல்லை பற்றியோ, மணமுறிவு பற்றியோ எழுதும் தளமாக இருந்தால், பக்கத்தின் முகவரி ஒன்றே வாசகரைப் பற்றி மிகுதியாகச் சொல்லிவிடும். அத்தகைய பொருளில் எழுதுவோர் ஏல முறை விளம்பரத்தை வைக்காமல் இருப்பதே நல்லது என்று நான் நினைக்கிறேன்.

வாசகரை எப்படி அடையாளம் காண்கிறார்கள்

குக்கி என்பது தளம் ஒன்று உலாவியில் சேமித்துவைக்கும் சிறு குறிப்பு. நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொண்டுல்லி 1994இல் இதை உருவாக்கினார். வாசகர் முன்பு வந்தவரா, கூடையில் என்ன பொருள் வைத்திருந்தார் என்பதைத் தளம் நினைவில் வைத்துக்கொள்வதற்கான ஏற்பாடு அது. நீங்கள் நடத்தும் தளமே எழுதும் குக்கி முதல் தரப்பினுடையது. உங்கள் பக்கத்தில் இடம்பெறும் விளம்பர நிறுவனத்தின் சேவையகம் எழுதுவது மூன்றாம் தரப்புக் குக்கி. அதே நிறுவனத்தின் நிரல் செய்தித் தளம், பயணத் தளம், காலணிக் கடைத் தளம் எல்லாவற்றிலும் இருப்பதால், ஒரே எண்ணை எல்லா இடத்திலும் படித்து, இந்த உலாவியை உடையவர் எங்கெல்லாம் போய்வந்தார் என்று தொகுக்க முடிகிறது. நேற்று பார்த்த காலணி இன்று பாயசக் குறிப்பின் நடுவே வந்து நிற்பது இதனால்தான். கைப்பேசி ஒட்டுக்கேட்கிறது என்று பலர் சொல்லக் கேட்கிறோம். ஒட்டுக்கேட்காமலேயே இவ்வளவும் செய்ய முடியும்.

இந்த ஏற்பாடு இப்போது எல்லா உலாவியிலும் ஒரே மாதிரி இயங்குவதில்லை. ஆப்பிளின் சஃபாரி 2017இல் கட்டுப்படுத்தத் தொடங்கி, 2020 மார்ச்சில் மூன்றாம் தரப்புக் குக்கிகளை முழுமையாகத் தடுத்தது. ஃபயர்ஃபாக்ஸ் 2019இல் அறியப்பட்ட பின்தொடர் குக்கிகளை இயல்பாகவே தடுக்கத் தொடங்கியது. கூகல் குரோம் மட்டும் தனிக் கதை. இரண்டு ஆண்டுகளில் நீக்கிவிடுவதாக 2020 ஜனவரியில் அறிவித்து, கெடுவைப் பலமுறை தள்ளிப்போட்டு, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டு, பயனாளரிடம் தனியாக அனுமதி கேட்கும் எண்ணமும் இல்லை என்று 2025 ஏப்ரலில் கூறிவிட்டது. ஆகவே ஒரே பக்கத்தை ஐபோனில் திறப்பவரும் ஆண்ட்ராய்டில் குரோம் வழியாகத் திறப்பவரும் ஏலத்தில் ஒரே மாதிரித் தெரிவதில்லை. அடையாளம் தெரியாத வாசகருக்கு விளம்பரதாரர்கள் பொதுவாகக் குறைந்த விலையே சொல்கிறார்கள்.

அடையாளம் கிடைக்காதபோது கைகொடுப்பது பக்கத்தின் பொருள். பாயசக் குறிப்புக்குப் பக்கத்தில் பால், முந்திரி, பாத்திர விளம்பரம் வருவது சூழல் சார்ந்த விளம்பரம். இதற்குக் கணினி தமிழைப் படித்துப் பொருள் உணர வேண்டும். தளங்களில் விளம்பரம் வைக்க உதவும் கூகலின் ஆட்சென்ஸ் சேவை தமிழை ஏற்றுக்கொண்டது 2018 பிப்ரவரியில்தான்.

உங்கள் கண்ணால் பார்க்கும் வழி

கணினியில் குரோம் உலாவியைத் திறந்து, விளம்பரம் உள்ள ஏதாவது ஒரு செய்தித் தளத்துக்குச் செல்லுங்கள். விசைப்பலகையில் எஃப்12 விசையை அழுத்தினால் உருவாக்குநர் கருவிகள் திறக்கும். அதில் நெட்வொர்க் என்ற பிரிவைத் தேர்ந்தெடுத்துப் பக்கத்தை மீண்டும் ஏற்றுங்கள். வரிசையாக ஓடும் பட்டியலில் ஒவ்வொரு வரியும் உங்கள் உலாவி எங்கோ அனுப்பிய ஒரு கோரிக்கை. டொமைன் எனப்படும் களப்பெயரைக் காட்டும் நெடுவரிசையையும் இயக்கிப் பார்த்தால், நீங்கள் திறந்த தளத்தின் பெயர் சில வரிகளிலும், டபுள்கிளிக், கூகல்சிண்டிகேஷன் போன்ற பெயர்கள் மற்ற வரிகளிலும் தெரியும். அப்ளிகேஷன் என்ற பிரிவுக்குள் குக்கிகளின் பட்டியலும் உண்டு. இதைச் செய்யச் சில நிமிடம் போதும். விளம்பரம் வைக்க நினைக்கும் எவரும் முதலில் செய்ய வேண்டிய பயிற்சி என்று இதையே சொல்வேன். உங்கள் தளத்தில் விளம்பரம் வைப்பதற்கு முன்பு ஒருமுறையும் வைத்த பிறகு ஒருமுறையும் இப்படிப் பார்த்து, கோரிக்கைகளின் எண்ணிக்கையும் பக்கம் இறங்கும் நேரமும் எவ்வளவு கூடின என்பதைக் குறித்துவையுங்கள்.

பணம் எங்கே போகிறது

இடத்துக்கான விலை பெரும்பாலும் ஆயிரம் காட்சிக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுகிறது. சொடுக்குக்குப் பணம் தரும் முறை ஆட்சென்ஸில் நெடுங்காலம் முதன்மையாக இருந்தது; 2023 நவம்பரில் கூகல் வெளியிட்ட அறிவிப்பின்படி அதுவும் காட்சிக்குப் பணம் தரும் முறைக்கு மாறியது. அதே அறிவிப்பில் பங்குப் பிரிப்பும் விளக்கப்பட்டது. விளம்பரதாரர் கூகலின் விளம்பரச் சேவை வழியாக 100 வெள்ளி செலவிட்டால், இடத்தை வாங்கித் தரும் சேவைக்கான கட்டணமாகச் சராசரியாக 15 வெள்ளி போகும். எஞ்சிய 85 வெள்ளியில் 80 விழுக்காடு, அதாவது 68 வெள்ளி, தள உரிமையாளருக்குச் சேரும். இடையில் வேறு நிறுவனங்கள் நுழைந்தால் கணக்கு இவ்வளவு நேராக இராது. பிரிட்டனின் விளம்பரதாரர் சங்கம் பிடபிள்யூசி நிறுவனத்தைக் கொண்டு நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வில், விளம்பரதாரர் செலவிட்ட தொகையில் 51 விழுக்காடுதான் தளங்களுக்குச் சென்றது; 15 விழுக்காட்டுத் தொகை யார் கைக்குப் போனது என்பதையே கண்டறிய முடியவில்லை. பெரிய விளம்பரதாரர்களும் பெயர்பெற்ற தளங்களும் பங்கேற்ற ஆய்வு அது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். விளம்பரச் சேவையகச் சந்தையிலும் விளம்பரப் பரிமாற்றச் சந்தையிலும் கூகல் சட்டத்துக்குப் புறம்பாக ஏகபோகம் வைத்திருந்தது என்று அமெரிக்க நீதிமன்றம் ஒன்று 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்ததும் இந்த நடுவழிப் பணத்தைப் பற்றியதுதான்.

உங்கள் தளத்துக்கு என்ன கிடைக்கும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்ப்போம். மாதம் 20,000 முறை பக்கங்கள் திறக்கப்படுகின்றன, ஆயிரம் முறைக்கு உங்கள் கைக்கு 1 வெள்ளி 50 காசு வருகிறது என்று வைத்துக்கொண்டால், மாத வருமானம் 30 வெள்ளி. அமெரிக்க டாலரில் கணக்கு வைத்திருப்போருக்கு ஆட்சென்ஸ் 100 டாலர் சேரும்வரை பணம் அனுப்புவதில்லை என்பதால், சிறு தளத்துக்குப் பல மாதங்களுக்கு ஒருமுறைதான் பணம் வரும். தளத்தின் செலவை ஈடுகட்ட இது போதுமானதாக இருக்கலாம். இதை நம்பி வேறு எதையும் திட்டமிட வேண்டாம்.

வைக்கும் முறை

ஆட்சென்ஸை எடுத்துக்காட்டாகக் கொண்டு சொல்கிறேன். மற்றச் சேவைகளிலும் நடைமுறை ஏறக்குறைய இதுவே. தளத்தில் உங்கள் சொந்த எழுத்து போதிய அளவில் இருக்க வேண்டும். பிற இடங்களிலிருந்து எடுத்து ஒட்டிய பக்கங்கள் ஏற்கப்படுவதில்லை. விண்ணப்பித்ததும் தளத்தைப் பரிசீலிப்பார்கள். ஒப்புதல் கிடைத்து வருமானம் 10 டாலர் அளவை எட்டியதும், நீங்கள் கொடுத்த அஞ்சல் முகவரிக்கு ஒரு ரகசிய எண்ணை அனுப்புவார்கள்; அதைக் கணக்கில் பதிந்தால்தான் பணம் வரும். வீவக முகவரியில் மாடி எண்ணையும் வீட்டு எண்ணையும் விட்டுவிட்டால் கடிதம் வந்து சேராது என்பதால் முகவரியைக் கவனமாக நிரப்புங்கள்.

அடுத்து, உங்கள் தளத்தின் மூல அடைவில் ஆட்ஸ் டாட் டெக்ஸ்ட் (ads.txt) எனப்படும் கோப்பை வைக்க வேண்டும். உங்கள் இடத்தை விற்க யாருக்கெல்லாம் அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று எல்லாருக்கும் அறிவிக்கும் சாதாரண எழுத்துக் கோப்பு அது. ஒவ்வொரு வரியிலும் விளம்பரச் சந்தையின் களப்பெயர், அங்குள்ள உங்கள் கணக்கு எண், நேரடி உறவா மறுவிற்பனையா என்ற குறிப்பு, விருப்பமிருந்தால் சான்றளிக்கும் அமைப்பின் எண் ஆகியவை காற்புள்ளியால் பிரிக்கப்பட்டு இருக்கும். பெயர்பெற்ற தளங்களின் பெயரைப் போலியாகச் சொல்லி ஏலத்தில் இடம் விற்கும் மோசடி பெருகியதால் 2017இல் இந்த முறை கொண்டுவரப்பட்டது. பைனான்சியல் டைம்ஸ் நாளேடு தன் பெயரிலேயே அப்படிப் போலி இடங்கள் விற்கப்பட்டதை அதே ஆண்டில் கண்டறிந்தது. கோப்பில் மறுவிற்பனையாளர்களின் நீண்ட பட்டியலைச் சேர்க்குமாறு ஏதேனும் சேவை கேட்டால், ஒவ்வொரு வரியும் உங்கள் இடத்தை விற்க இன்னொருவருக்குத் தரும் அனுமதி என்பதை நினைத்துப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

இடம் ஒதுக்குவதில் சற்று நிதானம் தேவை. விளம்பரம் தாமதமாக இறங்கும்போது அதுவரை வாசகர் படித்துக்கொண்டிருந்த வரி கீழே தள்ளப்படுவது பெரும் எரிச்சல். விரல் தவறி விளம்பரத்தில் படுவதும் அதனால்தான். விளம்பரம் வரும் இடத்துக்கு முன்கூட்டியே உயரத்தைக் குறித்துவைத்தால் இது நேராது. இத்தகைய தள்ளாட்டத்தை அளக்கும் கூகலின் அளவுகோலில் 0.1க்குள் இருப்பது நல்ல நிலை. திரையை மூடும் துள்ளுப் பலகை, ஒலியுடன் தானாக ஓடும் காணொளி, கைப்பேசியில் உள்ளடக்கத்தின் உயரத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் விளம்பரம் ஆகியவற்றைத் தொடர்ந்து வைத்திருக்கும் தளங்களில் குரோம் உலாவி விளம்பரத்தையே காட்டாமல் விட்டுவிடும். 2018இல் சில நாடுகளில் தொடங்கிய இந்த விதி 2019 ஜூலையிலிருந்து உலகெங்கும் நடப்பில் உள்ளது. எல்லாவற்றையும் தானியங்கி முறைக்கு விட்டுவிடும் வசதி ஆட்சென்ஸில் உண்டு. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கட்டுரையின் நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று என்று நீங்களே இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

உங்கள் விளம்பரத்தை நீங்களே சொடுக்கக் கூடாது. குடும்பத்தாரையும் வாட்ஸ்அப் குழுவினரையும் சொடுக்கச் சொல்லவும் கூடாது. உதவி செய்வதாக எண்ணி உறவினர்கள் செய்யும் இந்தக் காரியம், செல்லாத சொடுக்கு என்று கணிக்கப்பட்டுக் கணக்கை முடக்கிவிடும்.

எந்த விளம்பரம் வரக்கூடாது

தடுப்புக் கட்டுப்பாடுகள் என்ற பகுதியைப் பெரும்பாலோர் திறந்து பார்ப்பதே இல்லை. நான் அதிக நேரம் செலவிடச் சொல்வது அங்கேதான். பொது வகைகள், உணர்வுபூர்வமான வகைகள், குறிப்பிட்ட விளம்பரதாரரின் முகவரிகள் என மூன்று நிலைகளில் தடுக்கலாம். சோதிடம், எடை குறைப்பு, துணை தேடும் சேவை போன்றவை சங்கத்தின் பக்கத்திலோ மாணவர் பக்கத்திலோ வரக்கூடாது என்று நினைத்தால் அந்த வகைகளை மூடிவிடலாம்.

சில வகைகளில் விருப்பு வெறுப்பைத் தாண்டிச் சட்டமே குறுக்கே நிற்கிறது. சிங்கப்பூரில் உரிமம் பெற்ற கடன்கொடுப்போர் கூட, வணிக அல்லது பயனீட்டாளர் விவரத் தொகுப்புகள், தங்கள் சொந்த இணையத்தளம், தங்கள் கடையின் உள்புறமும் வெளிப்புறமும் ஆகிய மூன்று வழிகளில் மட்டுமே விளம்பரம் செய்யலாம். ஆகவே உங்கள் சமையல் தளத்தில், சிங்கப்பூர்வாசிகளுக்கு உடனடிக் கடன் தருவதாக ஒரு கடன்கொடுப்பவரின் விளம்பரம் வந்தால், அது சட்டவிரோதக் கும்பலுடையதாகவோ விதியை மீறிய ஒருவருடையதாகவோ இருக்க வாய்ப்பு மிகுதி. கடன் வகையை முழுவதும் மூடிவிடுவதே பாதுகாப்பு. சட்டவிரோதச் சூதாட்டத்தை விளம்பரப்படுத்துவது 2022ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் குற்றம். புகையிலை விளம்பரத்துக்கும் தடை உண்டு. சர்க்கரை மிகுந்த, நியூட்ரி-கிரேட் முறையில் டி தரம் பெற்ற பானங்களை விளம்பரப்படுத்துவதற்கு 2022 டிசம்பர் 30 முதல் தடை உள்ளது; பானக் கடை ஒன்று நேரடியாக உங்களிடம் விளம்பரம் கொடுக்க வரும்போது இதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

மோசடி விளம்பரம் இன்னும் சிக்கலானது. தலைவர்களின் முகத்தையும் குரலையும் செயற்கை நுண்ணறிவால் போலி செய்து முதலீட்டுக்கு அழைக்கும் காணொளிகள் இங்கு உலவியிருக்கின்றன. அப்போது பிரதமராக இருந்த திரு லீ சியன் லூங், தம் உருவத்தில் அப்படி ஒரு காணொளி பரவுவதாக 2023 டிசம்பர் இறுதியில் எச்சரித்தார். பெரிய நிறுவனத்தின் வழியாக வரும் விளம்பரம் பாதுகாப்பானது என்று எண்ணிவிட முடியாது. 2016 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ், பிபிசி போன்ற தளங்களில் வந்த விளம்பரங்கள் வழியாகவே வாசகரின் கணினிகளுக்குத் தீய மென்பொருளை இறக்க முயன்றிருக்கிறார்கள். அந்தத் தளங்களின் ஆசிரியர்கள் யாரும் அந்த விளம்பரங்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. சங்கிலியின் ஏதோ ஒரு கண்ணியில் அவை நுழைந்தன.

ஆகவே விளம்பரங்களுக்குக் கீழே, தவறான விளம்பரத்தைக் கண்டால் தெரிவிக்குமாறு ஒரு மின்னஞ்சல் முகவரியைக் கொடுங்கள். வாசகர் திரையைப் படம் பிடித்து அனுப்பினால், விளம்பரம் எந்த முகவரிக்கு இட்டுச்செல்கிறது என்பதைப் பார்த்து, அந்த முகவரியைத் தடுத்து, விளம்பரத்தின் மூலையில் உள்ள சிறு குறி வழியாகச் சேவைக்கும் தெரிவியுங்கள். மோசடி என்ற ஐயம் எழுந்தால் வாசகரை 1799 என்ற ஸ்காம்ஷீல்டு உதவி எண்ணை அழைக்கச் சொல்லலாம். நேரடி விளம்பரமோ பணம் பெற்று எழுதிய கட்டுரையோ என்றால், பயனீட்டாளர் சங்கமான கேஸின் ஆலோசனை மன்றமாகிய சிங்கப்பூர் விளம்பரத் தர ஆணையம் 2016இல் வெளியிட்ட இணைய, சமூக ஊடக விளம்பர வழிகாட்டிகளையும் படித்துப் பாருங்கள். விளம்பரம் விளம்பரம் என்று தெரியும்படி இருக்க வேண்டும் என்பது அவற்றின் அடிப்படை.

வாசகருக்குச் சொல்ல வேண்டியவை

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012இல் இயற்றப்பட்டு, அதன் முதன்மை விதிகள் 2014 ஜூலை 2 முதல் நடப்புக்கு வந்தன. சொந்த அல்லது குடும்பத் தேவைக்காகச் செயல்படும் தனிநபருக்கு அதில் விலக்கு உண்டு. ஆனால் விளம்பரத்தால் பணம் வரத் தொடங்கிய பிறகு அந்த விலக்கை நம்பியிருப்பது விவேகமாகாது. எல்லாக் குக்கிக்கும் ஒப்புதல் வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. தனிநபர் தகவலைத் திரட்டாத குக்கிக்கு ஒப்புதல் தேவையில்லை என்றும், தனிநபர் தகவலைத் திரட்டிப் பயன்படுத்தி வாசகரின் நடத்தைக்கேற்ப விளம்பரம் காட்டும்போது ஒப்புதல் வேண்டும் என்றும் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டி விளக்குகிறது. உலாவியின் அமைப்பை வாசகர் மாற்றாமல் விட்டுவிட்டார் என்பது மட்டும் ஒப்புதல் ஆகிவிடாது. நிறுவனம் விதியை மீறினால் 10 லட்சம் வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். சிங்கப்பூரில் ஆண்டு விற்றுமுதல் 1 கோடி வெள்ளியைத் தாண்டினால், அதன் 10 விழுக்காடு வரை அந்த உச்சவரம்பு உயரும்.

சிறு தளத்துக்கு எளிய வழி, ஆட்சென்ஸின் அமைப்பில் தனிப்பயன் விளம்பரத்தை, அதாவது வாசகரின் நடத்தைக்கேற்பக் காட்டும் விளம்பரத்தை, அணைத்துவிடுவது. அப்போது பக்கத்தின் பொருளையும் தோராயமான இருப்பிடத்தையும் கொண்டே விளம்பரம் தேர்வாகும். வருமானம் சற்றுக் குறையலாம். தனியுரிமைக் குறிப்பு என்ற பக்கத்தில், எந்த விளம்பரச் சேவையைப் பயன்படுத்துகிறீர்கள், அது குக்கி எழுதுகிறதா, வாசகர் அதை எப்படி அணைக்கலாம், யாரைத் தொடர்புகொள்ளலாம் என்பவற்றை நல்ல தமிழில், சுருக்கமாக எழுதுங்கள். வேறு தளத்திலிருந்து ஆங்கிலக் குறிப்பைப் படியெடுத்து ஒட்டுவதில் பயனில்லை; அதில் உள்ள சேவைகள் உங்களுடையவையாக இரா. ஐரோப்பாவிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் உங்களுக்கு வாசகர்கள் இருந்தால், தனிப்பயன் விளம்பரம் காட்டுவதற்குச் சான்று பெற்ற ஒப்புதல் பலகை ஒன்றைப் பயன்படுத்த வேண்டும் என்று கூகல் 2024 ஜனவரி முதல் கேட்கிறது.

தமிழ் கற்பிக்கும் தளங்களை நடத்துவோருக்குத் தனியாக ஒரு சொல். 13 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளின் தகவலுக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையம் 2024 மார்ச்சில் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. தொடக்கப்பள்ளி மாணவருக்கான பயிற்சித் தாள்கள் உள்ள பக்கங்களை, பிள்ளைகளுக்கானவை என்று விளம்பரச் சேவையில் குறித்துவிடுங்கள். குறிப்பதைவிட, அந்தப் பக்கங்களில் மூன்றாம் தரப்பு விளம்பரத்தையே வைக்காமலிருப்பது இன்னும் மேல்.

வரியும் கணக்கும்

விளம்பர வருமானம் வரிக்கு உட்பட்டது. தொடர்ந்து வருமானம் ஈட்டும் நோக்குடன் தளத்தை நடத்துவோர் அதைச் சுயதொழில் வருமானமாக உள்நாட்டு வருவாய் ஆணையத்திடம் காட்ட வேண்டும். மின்னியல் முறையில் படிவம் சமர்ப்பிக்கக் கெடு ஏப்ரல் 18. களப்பெயர்க் கட்டணம், சேவையக வாடகை போன்ற செலவுகளுக்கான ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். சுயதொழிலின் நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் சிங்கப்பூரரும் நிரந்தரவாசிகளும் மெடிசேவ் சந்தா கட்ட வேண்டும். வேலை அனுமதியில் இங்கு இருப்போர், கணக்குத் திறப்பதற்கு முன்பே மனிதவள அமைச்சின் விதிகளைப் பார்த்துவிடுவது நல்லது. சங்கத்தின் தளம் என்றால் வருமானம் பொருளாளரின் சொந்த வங்கிக் கணக்குக்குப் போகாமல் சங்கத்தின் கணக்குக்கே போக வேண்டும். இதைத் தொடக்கத்திலேயே கூட்டக் குறிப்பில் எழுதிவைத்தால் பின்னால் சச்சரவு வராது.

நேரடியாக விற்பது

மேலே சொன்ன 30 வெள்ளிக் கணக்கை மறுபடி நினைத்துப் பாருங்கள். தீபாவளிக்கு முன் வரும் இரண்டு மாதங்களில் ஒரு பலகாரக் கடையோ உணவு விநியோகிப்பாளரோ மாதம் 50 வெள்ளி கொடுத்து உங்கள் தளத்தில் இடம்பெற ஒப்புக்கொண்டால், ஏல முறையில் வருவதைவிட அது கூடுதல். வாசகரின் தகவலும் எங்கும் போவதில்லை. சிங்கப்பூரில் உள்ள தமிழ் வாசகர்கள் என்ற சிறிய, தெளிவான கூட்டத்தைத் தேடும் கடைக்காரருக்கும் இது பயனுள்ளது. உலகளாவிய ஏலத்தில் உங்கள் வாசகர் ஓர் எண்; லிட்டில் இந்தியா கடைக்காரருக்கு அவர் அடுத்த வாரம் கடைக்கு வரக்கூடியவர். சிறு தளங்கள் இந்த வழியை முயலாமலே ஆட்சென்ஸுக்குப் போய்விடுவது எனக்கு வியப்பளிக்கிறது. ஆள் தேடிப் பேச வேண்டும், தயக்கம் இருக்கும் என்பது உண்மைதான்.

இப்படி விற்கும்போது படத்தை உங்கள் சேவையகத்திலேயே ஏற்றுங்கள். கடைக்காரரின் முகவர் தரும் நிரலை ஒட்ட வேண்டாம், ஒட்டினால் மூன்றாம் தரப்பு மறுபடியும் உள்ளே வந்துவிடும். படத்தின் மேல் "விளம்பரம்" என்று எழுதுங்கள். இணைப்பின் நிரலில், பணம் பெற்றுக் கொடுத்த இணைப்பு என்பதைக் குறிக்கும் ஸ்பான்சர்ட் பண்பைச் சேர்க்குமாறு கூகல் தேடல் கேட்கிறது. சேர்க்காவிட்டால் தேடலில் உங்கள் தளத்தின் மதிப்புக் குறையக்கூடும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த இடத்தில், எவ்வளவு தொகைக்கு என்பதை ஒரு மின்னஞ்சலிலாவது எழுதி ஒப்புதல் பெற்றுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் தரப்பு விளம்பரத்தை முன்பே வைத்துவிட்டு இப்போது எடுக்க நினைப்பவர்கள், பக்கத்திலிருந்து நிரலை நீக்குவதோடு நிறுத்திவிடக் கூடாது. ஆட்ஸ் டாட் டெக்ஸ்ட் கோப்பில் அந்தச் சேவைக்கான வரிகளையும், தனியுரிமைக் குறிப்பில் அதைப் பற்றிய பத்தியையும் நீக்குங்கள். வேர்ட்பிரஸ் தளமாக இருந்தால், விளம்பரத்துக்காக நிறுவிய செருகுநிரல் இன்னும் இயங்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகு எஃப்12 விசையை அழுத்திப் பட்டியலைச் சரிபார்த்து, வெளிக் களப்பெயர் எதுவும் எஞ்சவில்லை என்பதை உறுதிப்படுத்திய பின்பே கணக்கை மூடுங்கள்.